கிடப்பில் போடாத சபாநாயகர்: ரபி ராய்

1991 மார்ச் 12. சந்திரசேகர் பிரதமர் பதவியை ராஜினாமா செய்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஒன்பதாவது மக்களவை இனி பிழைக்காது என்பது டெல்லியில் எல்லோருக்கும் தெரியும். சபாநாயகர் ரபி ராயின் முன்னால் அப்போது ஒரு நோட்டீஸ் இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியைப் பதவிநீக்கம் செய்யக் கோரி 108 எம்.பி.க்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தது. அரசியல் சாசனம் அமலுக்கு வந்து நாற்பது ஆண்டு கடந்திருந்தும், அதுவரை எந்த சபாநாயகரும் நீதிபதி ஒருவருக்கு எதிரான தீர்மானத்தை ஏற்று விசாரணைக் குழு அமைத்ததில்லை. சபையே கலையப்போகிறது, அடுத்து வருபவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் விட்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றே தீர்மானத்தை ஏற்றார், மூவர் குழுவையும் அமைத்தார். மறுநாள் மக்களவை கலைக்கப்பட்டது.

சபாநாயகரின் அதிகாரம் என்றதும் நமக்கு மணி அடிப்பதும், "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று கெஞ்சுவதும், மிஞ்சிப்போனால் அவைக்காவலரைக் கூப்பிடுவதும்தான் நினைவுக்கு வரும். அவருடைய உண்மையான பலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கட்சித் தாவல் புகாரோ, பதவிநீக்கத் தீர்மானமோ, தன் முன் வரும் எதையும் அவர் கிடப்பில் போடலாம். எதிர்த்துத் தீர்ப்பளித்தால் வழக்குப் போடலாம், கண்டிக்கலாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பவரை என்ன செய்வது? 1989 டிசம்பர் முதல் 1991 ஜூலை வரை அந்த நாற்காலியில் இருந்த ரபி ராயை இன்றைக்கு எடுத்துப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒடிசாவின் பூரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1926 நவம்பர் 26 அன்று பிறந்தவர். கட்டாக்கின் ரேவன்ஷா கல்லூரியில் வரலாறு படித்தார். ஆங்கில ஆட்சியின் கடைசி மாதங்களில் கல்லூரி வளாகத்தில் மூவர்ணக் கொடியை ஏற்ற வேண்டுமென்று நடந்த மாணவர் போராட்டம்தான் அவரது அரசியல் தொடக்கம். பின்னர் அதே கல்லூரியில் மாணவர் சங்கத் தலைவரானார். சட்டமும் படித்தார். 1948இல் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். காங்கிரசுக்குள் தனி அணியாக இருந்த சோசலிஸ்டுகள் வெளியேறித் தனிக்கட்சியாக நின்றது அந்த ஆண்டில்தான். ஆளுங்கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குப் போவது வருமானத்துக்கோ வசதிக்கோ செய்கிற காரியம் அல்ல.

இந்த சோசலிஸ்டுகளின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் பிளவுகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பெயர்கள் மாறும், சேர்வார்கள், பிரிவார்கள், மறுபடியும் சேர்வார்கள். அந்த வரிசை முழுவதும் இங்கே தேவையில்லை. ஒரே ஒரு பிளவு மட்டும் தேவை. தமிழர்களுக்கு அதில் நேரடித் தொடர்பும் உண்டு.

1954 ஆகஸ்டில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்காரர். நாட்டிலேயே அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே ஆட்சி அது. தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரி நடந்த போராட்டத்தில், ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அந்த அரசின் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. உயிர்கள் போயின. குமரி மாவட்டத்தில் இன்றும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது நைனி சிறையில் இருந்தார். அங்கிருந்தபடியே தன் கட்சியின் முதல்வர் பதவி விலக வேண்டும் என்று தந்தி அடித்தார். ஆயுதமற்ற மக்களைச் சுட்ட அரசுக்கு ஆளும் உரிமை கிடையாது, அது காங்கிரஸ் அரசானாலும் சரி, நம் அரசானாலும் சரி என்பது அவர் வாதம். மற்ற தலைவர்கள் இணங்கவில்லை. பூசல் முற்றி, லோகியா வெளியேறி, 1956இன் தொடக்கத்தில் ஐதராபாத்தில் புதிய சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். அவரோடு வந்த இளைஞர்களில் ரபி ராயும் ஒருவர். ஒடிசாவில் அந்தக் கட்சியைக் கட்டியவர்களில் முன்வரிசைக்காரர். சில ஆண்டுகளில் அகில இந்தியப் பொதுச்செயலாளராகவும் ஆனார்.

எதிரியின் அரசைக் கண்டிப்பதற்குக் கொள்கை வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும். நம்முடைய ஒரே அரசு போனாலும் போகட்டும் என்று சொல்கிற பள்ளியில் பாடம் படித்தவர் ரபி ராய். 36 ஆண்டுகள் கழித்து அந்தப் பாடம் அவருக்கே தேர்வாக வந்தது.

1967 தேர்தலில் பூரி தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். லோகியாவின் கட்சி அப்போது சம்யுக்த சோசலிஸ்ட் கட்சி என்ற பெயரில் இருந்தது, அதற்கு 23 இடங்கள். எண்ணிக்கை சிறிது, சத்தம் பெரிது. கன்னோஜிலிருந்து லோகியா, பம்பாயில் எஸ்.கே. பாட்டீலை வீழ்த்திவிட்டு வந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ், விதிப்புத்தகத்தை விரல்நுனியில் வைத்திருந்த மது லிமாயே. இப்படிப்பட்ட ஆட்களைக் கொண்ட குழுவுக்குத் தலைவராக அமைதியான ஒடியாக்காரர் ஒருவர் இருந்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த அக்டோபரில் லோகியா இறந்தார். வழிகாட்டி போய்விட்ட குழுவை 1970 இறுதியில் அவை கலையும்வரை ராய் நடத்திச் சென்றார். வரிசையில் எழுந்து நின்று சபாநாயகரோடு மல்லுக்கு நிற்பதில் இந்தக் குழுவை மிஞ்ச அன்று ஆள் கிடையாது. நாளைக்கு சபாநாயகராகப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது. தலைமை இருக்கையில் இருப்பவர் எப்படியெல்லாம் நழுவுவார் என்று எதிர் பெஞ்சில் இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மொழிக் கொள்கையில் தமிழ்நாடும் லோகியா கட்சியும் எதிரெதிர்த் துருவங்கள். ஆங்கிலத்தை அகற்று என்பது அவர்கள் முழக்கம், 1965இல் நாம் கேட்டது ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று. ஆனால் சாதி விஷயத்தில் வட இந்தியாவில் நமக்கு மிக நெருக்கமாக வந்தவர்களும் அவர்களே. பிற்பட்டோருக்கு நூற்றுக்கு அறுபது பங்கு என்று அவர்கள் கோஷம் போட்ட காலத்தில், டெல்லியின் பெரிய கட்சிகள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பிற்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கான மண்டல் அறிக்கைக்குப் பிந்தைய வட இந்திய அரசியலின் விதை அந்தக் கோஷத்தில்தான் இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம். 1971இல் இந்திரா அலை சோசலிஸ்டுகளை அடித்துப் போனது. 1974 முதல் 1980 வரை ராய் மாநிலங்களவையில் இருந்தார். ஜனதா கட்சி உருவானபோது அதன் பொதுச்செயலாளர்களில் ஒருவரானார். 1979 ஜனவரியில் மத்திய சுகாதாரம், குடும்பநலத் துறை அமைச்சரானார். நெருக்கடி நிலையின் கட்டாயக் கருத்தடை மக்கள் மனதில் ஆறாத புண்ணாக இருந்த நேரம் அது. ஓராண்டுதான் அந்தப் பதவி, அதிலும் பாதி சரண் சிங்கின் காபந்து அரசில். ஜனதா தன் உட்பூசலிலேயே உடைந்தது. அமைச்சராக அவர் நினைவில் நிற்கும்படி எதையும் செய்ய அவகாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு 1989. காங்கிரஸ் 197 இடங்களுக்குச் சுருங்கியது. வி.பி. சிங்கின் தேசிய முன்னணி அரசை ஒருபக்கம் பா.ஜ.க.வும் மறுபக்கம் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கின. பிஜு பட்நாயக்கின் செல்வாக்குப் பகுதியான கேந்திரபாராவிலிருந்து, முன்னணியின் பெரிய கட்சியான ஜனதா தளத்தின் வேட்பாளராக வென்று வந்த ராய், டிசம்பர் 19 அன்று ஒருமனதாக சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுநாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை, முதன்முறையாகத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. எதிர்க்கட்சியான காங்கிரசின் சிவராஜ் பாட்டீல் துணை சபாநாயகரானார். துணைப் பதவியை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பது அன்று சாதாரண மரபு. பதினேழாவது மக்களவை துணை சபாநாயகரே இல்லாமல் ஐந்தாண்டை ஓட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது ஏதோ புராணக்கதை போல இருக்கும்.

1990 ஆகஸ்டில் மண்டல் அறிக்கையை அமல்படுத்தப்போவதாக வி.பி. சிங் அறிவித்தார். அக்டோபரில் அத்வானியின் ரத யாத்திரை பீகாரில் நிறுத்தப்பட்டது, பா.ஜ.க. ஆதரவை விலக்கியது. நவம்பர் 7 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 142க்கு 346 என்று அரசு தோற்றது. தோற்பதற்கு முன்பே ஜனதா தளம் பிளந்திருந்தது. சந்திரசேகரும் தேவிலாலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட எம்.பி.க்களோடு ஜனதா தளம் (சோசலிஸ்ட்) என்று தனியே நின்றார்கள். காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுக்க, நவம்பர் 10 அன்று சந்திரசேகர் பிரதமரானார்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1985இல் ராஜீவ் காந்தி கொண்டுவந்த 52ஆவது திருத்தம், அரசியல் சாசனத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சியின் கொறடா உத்தரவை மீறினாலோ, கட்சியைத் தானாக விட்டாலோ பதவி போகும். ஆனால் ஒரு ஓட்டையும் வைத்திருந்தார்கள். சட்டமன்றக் கட்சியின் மூன்றில் ஒரு பங்கினர் ஒன்றாகப் பிரிந்தால் அது "பிளவு", தாவல் அல்ல. ஒருவர் தாவினால் குற்றம், கூட்டமாகத் தாவினால் கொள்கை! ஜனதா தளத்துக்கு 140 சொச்சம் எம்.பி.க்கள், ஆகவே ஏறக்குறைய 48 பேர் தேவை. சந்திரசேகர் அணியிடம் அதற்கு மேலேயே இருந்தார்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. பிளவு நடந்து முடிந்த பிறகு, புதிய அணி ஆட்சியைப் பிடிக்கும் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்களை என்ன செய்வது? "நாங்களும் அதே பிளவின் பகுதிதான்" என்பது அவர்கள் வாதம். புகார்கள் சபாநாயகரிடம் வந்தன. பிரதமர் நாற்காலியில் இருந்தவரும் பழைய சோசலிஸ்ட், ஜனதா காலத்தில் கட்சித் தலைவராக இருந்தவர். புகார் கொடுத்த தரப்போ ராயின் சொந்தக் கட்சி. எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் ஒரு பழியைச் சுமந்தாக வேண்டும். சும்மா இருப்பதுதான் வசதி.

1991 ஜனவரி 11 அன்று தீர்ப்புச் சொன்னார். பிளவை அவர் ஏற்றுக்கொண்டார். ஆக, சந்திரசேகர் அரசின் அடித்தளம் தப்பித்தது. ஆனால் பிளவு என்பது ஒருமுறை நடந்து முடிகிற நிகழ்வு, நாள்தோறும் திறந்துகிடக்கும் வாசல் அல்ல என்றார். அந்த வாசல் வழியாகப் பின்னால் வந்த எட்டு எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். அவர்களில் வெளியுறவு அமைச்சர் வித்யாசரண் சுக்லாவும் இன்னும் சில அமைச்சர்களும் இருந்தார்கள். இதற்கு முன் 1988இல் மிசோரமின் லால்துஹோமா பதவி இழந்திருக்கிறார், உண்மைதான். ஆனால் அது தனி ஆள். ஆட்சியில் இருக்கிற அமைச்சர்கள்மேல், அதுவும் வெளியுறவு அமைச்சர்மேல், இந்தச் சட்டம் பாய்ந்தது அப்போதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பதவி இழந்த அமைச்சர்கள் மறுநாளே வீட்டுக்குப் போகவில்லை. எம்.பி.யாக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற பிரிவு அவர்களுக்குக் கைகொடுத்தது. எதிர்க்கட்சிகள் அவையை நடத்தவிடாமல் கூச்சல் போட்ட பிறகு, பிப்ரவரி 20 வாக்கில்தான் சுக்லா விலகினார். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இந்தியாவின் வெளியுறவு அமைச்சர் தகுதியிழந்த எம்.பி.யாக இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். தாவலுக்காகத் தகுதியிழந்தவர் அமைச்சராக இருக்கவே கூடாது என்ற தடை 2003இன் 91ஆவது திருத்தத்தில்தான் வந்தது. அதே திருத்தம் மூன்றில் ஒரு பங்கு பிளவுச் சலுகையையும் ஒழித்தது.

இந்தத் தீர்ப்பு குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். மூல அணியில் சிலரை ஜனதா தளம் முன்கூட்டியே கட்சியைவிட்டு நீக்கியிருந்தது. நீக்கப்பட்டவர்களையும் பிளவுக் கணக்கில் சேர்க்கலாமா என்பது அன்றும் சர்ச்சை, இன்றும் சர்ச்சை. ராய் தலைமை இருக்கையில் இருந்தபடியே ஜனதா தளக்காரராகவும் நீடித்தார். 1967இல் சபாநாயகரானதும் காங்கிரசிலிருந்து விலகிய நீலம் சஞ்சீவ ரெட்டியின் வழியில் அவர் போகவில்லை. சொந்தக் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார் என்று எதிர்த்தரப்பு பேசுவதற்கு இடம் இருந்தது. ஆனால் சொந்தக் கட்சி விரும்பியது பிளவு மொத்தமும் செல்லாது என்ற தீர்ப்பை. அதை அவர் கொடுக்கவில்லை. "ஒருமுறை நிகழ்வு" என்ற அவரது தர்க்கத்துக்கு வலுவான துணை 2007இல் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சியிலிருந்து முதலில் போன 13 எம்.எல்.ஏ.க்களைப் பின்னால் சேர்ந்த கூட்டத்தைக் காட்டிக் காப்பாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்து, அவர்களைத் தகுதியிழக்கச் செய்தது.

நீதிபதி விவகாரத்துக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வளர்ந்து, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் போனவர் வி. ராமசாமி. சண்டிகரில் இருந்தபோது அதிகாரபூர்வ இல்லத்துக்கும் அலுவலகத்துக்கும் அளவுமீறிச் செலவு செய்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி, மக்களவையில் குறைந்தது 100 எம்.பி.க்கள் கையெழுத்திட்டால், சபாநாயகர் அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். காரணம் சொல்லி மறுத்தாலும் பெரிதாகக் கேள்வி இல்லை. ஆட்சியைத் தாங்கிக்கொண்டிருந்த காங்கிரஸ் இதில் ஆர்வம் காட்டவில்லை.

ராய் அமைத்த குழுவில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்த், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோர் இருந்தார்கள். மறுநாள் சபை கலைந்ததும், தீர்மானமும் அதோடு செத்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. சபை கலைந்தால் நிலுவையில் இருப்பவை காலாவதியாகும் என்பது பொதுவிதி. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தீர்மானத்தை ஏற்று விசாரணைக்கு அனுப்பியது சட்டப்படியான நடவடிக்கை, அது சபையின் ஆயுளோடு முடியாது என்று 1991 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. மார்ச் 12 அன்று போட்ட கையெழுத்து 13ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தால் இந்த வழக்கே இல்லை.

குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக அறிக்கை கொடுத்தது. 1993 மே மாதம் மக்களவையில் விவாதம். சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார், நீதிபதிக்காகக் கபில் சிபல் அவை முன் வந்து வாதாடினார். மே 11 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, காங்கிரசும் கூட்டாளிகளும் 205 பேர் வாக்களிக்கவில்லை. தேவையான பெரும்பான்மை இல்லாமல் தீர்மானம் தோற்றது. அப்போது தலைமை இருக்கையில் இருந்தவர் சிவராஜ் பாட்டீல். ரபி ராய் அந்த அவையில் கேந்திரபாராவின் சாதாரண உறுப்பினர்.

லோகியாவின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் வாசகம் ஒன்று உண்டு: உயிருள்ள சமூகங்கள் ஐந்தாண்டு காத்திருப்பதில்லை என்று. வீதியில் நின்று ஆட்சிக்கு எதிராகச் சொல்வதற்கென்று பிறந்த வாசகம் அது. ராய் அதைப் பொறுப்பான ஒரு நாற்காலிக்குக் கொண்டுபோனார். கோப்பு வந்தால் முடிவெடு, முடிவு தவறென்றால் நீதிமன்றம் திருத்தட்டும். இப்படித்தான் அவரது பதினெட்டு மாதங்களை நான் புரிந்துகொள்கிறேன். சபாநாயகரின் தகுதியிழப்புத் தீர்ப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர் பதவியை விட்டு இறங்கிய சில மாதங்களில்தான். ஆனால் முடிவே எடுக்காத சபாநாயகரை ஆராய்வது எப்படி என்ற கேள்விக்கு நீதிமன்றத்துக்கே முப்பதாண்டு ஆகியும் முழு விடை கிடைக்கவில்லை. 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு காலவரம்பைச் சொன்னது. ராய் 1990-91இல் எடுத்துக்கொண்டது சுமார் இரண்டு மாதம்.

பத்தாவது மக்களவைக்குப் பின் தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கினார். 1997இல் லோக் சக்தி அபியான் என்ற அமைப்பைத் தொடங்கி, பொதுவாழ்வில் ஊழலுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். முன்னாள் சபாநாயகர்கள் ஆளுநர் மாளிகைகளில் குடியேறுகிற நாட்டில், அவர் கட்டாக்கில் இருந்தார். 2017 மார்ச் 6 அன்று, 90 வயதில், அந்த ஊரிலேயே காலமானார்.

அதற்குப் பதினாறு நாள் முன்பு, பிப்ரவரி 18 அன்று, தமிழக சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரினார். அவருக்கு எதிராக ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்தார்கள். அவர்களைத் தகுதியிழக்கச் செய்யக் கோரும் புகார் சபாநாயகரிடம் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று முதல்வர்மீது நம்பிக்கை இல்லை என்று வேறு எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேர் செப்டம்பர் 18 அன்று, அதாவது 27 நாளில், பதவி இழந்தார்கள். பதினொருவர் மீதான புகாருக்கு நோட்டீஸ் போனதோ 2020 பிப்ரவரியில். 2021இல் அந்தச் சட்டமன்றம் ஆயுள் முடிந்து கலையும்போதும் அவர்கள்மேல் தகுதியிழப்பு எதுவும் இல்லை.